டின்னில் வந்த கேசரி

அழகேசன் அந்த டின்னை முதலில் சமையல் மேடைமேல் வைத்தார். ஜன்னல் வழியாக யாராவது பார்த்துவிட்டால் வம்பு என்று தோன்ற, அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தார். அரிசி டப்பாவைத் தினமும் திறப்பது மனைவி வளர்மதி என்பது உடனே நினைவுக்கு வந்தது. எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். டின் பெரிது. அவருடைய தொந்தியும் சிறியதல்ல. இரண்டுக்கும் ஒரே வேட்டியில் இடம் போதவில்லை.

"சார், குடிச்சுப் பாத்தீங்களா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

ஆட்டோக்காரர் வேல்முருகன்தான். டின்னைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். கொடுத்துக் கால் மணி நேரம் ஆகிறது. துரைமங்கலத்துத் தெருவில் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, கேட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"நீ இன்னும் போவலையாப்பா?"

"போவணும் சார். ஒரு சவாரி காத்துக்கிட்டிருக்கு. அதுக்குள்ள இது என்ன ருசின்னு தெரிஞ்சுக்கிட்டா நல்லாருக்கும்னு பாத்தேன்."

ஓசியில் ஒரு மடக்கு கிடைக்குமா என்று ஆள் நோட்டம் விடுகிறார் என்று அழகேசன் முடிவு கட்டினார். பெங்களூர் பஸ்ஸில் வரும் பார்சலை டிரைவர் பஸ் ஸ்டாண்டில் இறக்கி, ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்புவது பெரம்பலூரில் புதிதில்லை. "பெங்களூர் பஸ்ஸுல வந்தது சார், உங்க கையிலதான் குடுக்கணும்னாங்க" என்றுதான் வேல்முருகன் கொடுத்தார். அழகேசன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. டின்னைச் சுற்றியிருந்த காகிதத்தில் மகளுடைய கையெழுத்தைப் பார்த்த பிறகு அவருக்குக் கேள்வி எதுவும் வாயில் வரவில்லை.

மூன்றே வார்த்தைதான் எழுதியிருந்தாள். "அப்பா, ஒரு வாய்."

பிரவீணா அவருக்கு ஒரே மகள். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்த குடும்பம். அதில் திருச்சிக்குப் போய் பயோடெக்னாலஜி படித்து, வெள்ளைக் கோட்டு மாட்டிய முதல் ஆள் அவள். பெங்களூரில் வேலை கிடைத்தபோது, "பழச்சாறு மாதிரி ஒரு கம்பெனிப்பா" என்றாள். அழகேசன் அந்த "மாதிரி"யை விட்டுவிட்டு, பழச்சாறு கம்பெனி என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தார். ஒன்றரை வருஷத்துக்கு முன் சித்திரையில் வந்தவள் உண்மையைப் போட்டு உடைத்தாள்.

"பழமெல்லாம் போடுறோம்ப்பா. ஆனா அது பீரு. நான்தான் அதுக்கு பக்குவம் சொல்ற ஆளு."

வேறு வீட்டில் சொல்லியிருந்தால் ஒரு நாள் சண்டையோடு போயிருக்கும். அழகேசன் வீட்டில் அப்படிப் போகாது. அவர் இருபது வருஷமாகத் தொடாதவர். அதற்கு முன்னால் தொட்டவர், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் எடைமேடை வேலை. நாள் முழுக்க லாரிகளுக்குத் துல்லியமாக எடை போட்டுவிட்டு, சாயங்காலம் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் வீட்டுக்கு வருவார். பிரவீணா இரண்டாம் வகுப்பு படித்தபோது, வளர்மதி அவரைச் சிறுவாச்சூர் காளி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், சூடத்தின் மேல் கை வைக்கச் சொல்லி, பிள்ளைமேல் சத்தியம் வாங்கினாள். அன்றோடு விட்டவர்தான்.

"எந்தப் புள்ளைக்காக வுட்டேனோ அந்தப் புள்ளையே காய்ச்சுதா?" என்று அன்றைக்கு வீடே அதிரக் கத்தினார். "அந்த வேலைய வுட்டுட்டு வூட்டுக்கு வா. இல்லைன்னா வராத."

"ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுத் திட்டுங்கப்பா. அப்ப கேட்டுக்கறேன்."

சொல்லிவிட்டு மதியமே பஸ் ஏறிவிட்டாள். இரண்டு தீபாவளியும் ஒரு பொங்கலும் அவள் இல்லாமலே வந்து போயின. அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஏங்குகிறேன் என்று ஒப்புக்கொள்ள அழகேசனுக்கு ரோஷம் இடம் தரவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் போனில் பெங்களூர் வானிலையைத்தான் பார்ப்பார். அங்கே மழை என்று காட்டினால், இங்கே வெயிலில் நின்றுகொண்டு, "குடை கொண்டு போனாளோ என்னமோ" என்று முணுமுணுப்பார். வளர்மதி தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் மகளோடு பேசுவாள். சரியாக அந்த நேரத்துக்குத்தான் இவருக்குத் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கும் வேலை வரும். "சாப்பிட்டியாடி?" என்று மனைவி கேட்பது காதில் விழும். பதில் விழாது. மனைவியின் முகத்தைப் பார்த்துப் பதிலைத் தெரிந்துகொண்டு இறங்கிவிடுவார்.

இப்போது டின்னைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படித்தும் நம்ப முடியவில்லை. "பைனாப்பிள் கேசரி சவர் ஏல்" என்று போட்டிருந்தது. கேசரிச் சுவையில் புளிப்பு பீர். கேசரி புளித்துப் போனால் சமையல்காரரைத் தேடிப் போய்ச் சண்டை போடுவது நம் ஊர். அதையே டின்னில் அடைத்து விற்கிறாள் மகள்! அதற்குக் கீழே பொடி எழுத்தில், அன்னாசி, ஏலக்காய், முந்திரி, ஒரு சிட்டிகை உப்பு. அதற்கும் கீழே, உருவாக்கியவர் பிரவீணா அழகேசன்.

இருபது வருஷமாக ஒரு சாராயக் கடை வாசலை மிதிக்காத மனிதரின் பெயர் பீர் டின்னில் அச்சாகியிருந்தது. கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. கட்டைவிரலால் அந்தப் பெயரைத் துடைத்துவிட்டார்.

ஒரு வாய் குடித்துவிட வேண்டியதுதான். குடித்து, இன்னது நன்றாயிருக்கிறது, இன்னது சரியில்லை என்று நேர்மையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவள் வந்துவிடுவாள். அவளை வரச் சொல்வதற்கு அவருக்கு வேறு வழி தெரியவில்லை. நடுவில் நின்றது சத்தியம் ஒன்றுதான்.

டின்னில் "நன்கு குளிரவைத்துப் பருகவும்" என்றிருந்தது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு மாவுப் பாத்திரங்களால் நிறைந்திருந்தது. சீக்கிரம் குளிரட்டும் என்று மேலே ஐஸ் பெட்டிக்குள் திணித்துவிட்டு, நண்பர் உத்திராபதிக்குப் போன் போட்டார்.

உத்திராபதி அதே ஆலையின் ஆய்வகத்தில் சுண்ணாம்புக்கல்லைச் சோதித்து ஓய்வு பெற்றவர். எதையும் சாம்பிள் எடுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். கல்யாண வீட்டில் சாம்பாரைக்கூட முதலில் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றச் சொல்வார். ஒன்றரை மணி நேரம் கழித்து மொபெட்டில் வந்து இறங்கி, விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"இன்னிக்கு என்ன கெழம?"

"செவ்வாய்."

"அப்பறம் என்னய்யா? சிறுவாச்சூர் ஆத்தா திங்களும் வெள்ளியுந்தானே கோயில்ல இருப்பா? மத்த நாளு மலைக்குப் போயிருவாள்ல? ஆளு ஊர்ல இல்லாதப்ப எதுக்குப் பயப்படுற?"

"மலை மேலேருந்து பாத்தா பெரம்பலூர் தெரியாதாக்கும்?"

மலையின் உயரத்தை வைத்து யோசித்துப் பார்த்த உத்திராபதி, தெரியும் என்றே முடிவுக்கு வந்தார்.

"சரி, சத்தியத்துல என்ன சொன்ன?"

"குடிக்க மாட்டேன்னு சொன்னேன்."

"குடிக்காத. வாயில வச்சிக் கொப்புளிச்சுத் துப்பிடு. டேஸ்ட் பாக்குறதுன்னா அப்படித்தான். வெளிநாட்டுல இதுக்குன்னே ஆளு இருக்கான். நாக்கு வரைக்குந்தான் ருசி. தொண்டையில எறங்குனாத்தான் குடி."

அழகேசனுக்கு உடம்பெல்லாம் லேசானது. இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமல் ஒன்றரை வருஷத்தை வீணடித்துவிட்டோமே என்று இருந்தது. துப்புவதற்கு ஒரு சொம்பு, குடிப்பதற்கு, இல்லை, கொப்பளிப்பதற்கு ஒரு டம்ளர், எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு ஐஸ் பெட்டியைத் திறந்தபோது மணி பதினொன்றரை.

டின் முன்பிருந்த டின்னாக இல்லை. அடியும் தலையும் புடைத்து, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இருந்தது. குலுக்கிப் பார்த்தால் உள்ளே ஐஸ் கட்டி.

"ஐயையோ, உறைஞ்சு போச்சு!"

"பதறாத. வெந்நீர்ல வையி" என்றார் உத்திராபதி. "ஆனா அஞ்சு நிமிஷந்தான்."

அழகேசன் அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க வைத்துவிட்டார். ஐந்து நிமிஷம் என்பதும் அவர் கணக்கில் பத்தாகிவிட்டது. டின்னைத் துணியால் பிடித்து எடுத்து, "அம்மா தாயே" என்று கண்ணை மூடிக்கொண்டு மூடியின் வளையத்தை இழுத்தார்.

பிறகு நடந்ததை உத்திராபதி இன்றைக்கும் யாரிடமும் முழுசாகச் சொல்வதில்லை. மஞ்சளாக ஒரு பீய்ச்சல் கிளம்பி மேலே போயிற்று. கூரையில் மோதி, மின்விசிறியில் தெறித்து, காலண்டரில் வழிந்து, உத்திராபதியின் மூக்குக் கண்ணாடியில் வந்து முடிந்தது. அவர் வழிந்ததைச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பழக்கம் விடுமா?

"அழகேசா! கேசரியேதான்!"

"எனக்கு?" என்று அழகேசன் அலறி, டின்னைச் சாய்த்து டம்ளரில் பிடித்தார். கால் டம்ளர் தேறியது. மற்றதெல்லாம் தரையில் நுரையாக ஓடி, சாக்கடைக் குழிக்குள் போய்க்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு வேல்முருகன் கேட்டைத் தாண்டி ஜன்னலுக்கே வந்துவிட்டார். நுரை போகிற வழியைப் பார்த்ததும் அவருடைய முகம் செத்துவிட்டது.

"என்ன சார், கொட்டிட்டீங்களா?"

"கொட்டலப்பா. அதுவா கொட்டிக்கிச்சு."

"வேணும்னு கொட்டலியே சார்? நெசமா?"

"யாராவது வேணும்னு கொட்டுவாங்களாய்யா? இந்தா பாரு, டம்ளர்ல மிச்சம் இருக்கு."

"அப்ப சட்டுனு குடிச்சிருங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!" கை கூப்பிக் கெஞ்சினார் வேல்முருகன். இருபது வருஷத்துக்கு முன் தானும் இப்படி ஒரு சொட்டுக்குத் தவித்தவர்தானே என்று அழகேசனுக்கு அவர்மேல் இரக்கமே வந்துவிட்டது.

ஆனால் குடிக்கவோ கொப்பளிக்கவோ அப்போது நேரமில்லை. வளர்மதி வேப்பந்தட்டை ரோட்டில் இருக்கிற அங்கன்வாடியில் டீச்சர். முப்பது குழந்தைகளில் எது கால்சட்டையை நனைத்தது என்று வாசலில் நின்றே மூக்கால் கண்டுபிடிப்பவள். மூன்றரைக்கு வந்து இந்த வாசத்தை முகர்ந்தால், இருபது வருஷச் சத்தியம் அம்பேல் என்று நினைப்பாள். அதுவும் மகள் அனுப்பியதைக் குடித்துவிட்டார் என்று நினைத்தால், மாடியில் மகளோடு பேசும் பேச்சும் நின்று போகலாம். அந்த ஒரு கம்பியையும் அறுத்துக்கொள்ள அழகேசன் தயாராயில்லை.

"பினாயில் ஊத்தலாமா?"

"பினாயிலோட சேர்ந்தா இன்னும் கெட்ட வாசமாவும்" என்றார் உத்திராபதி. ஆய்வக மூளை வேலை செய்தது. "இப்ப வூடு முழுக்க என்ன வாசம் வருது? கேசரி வாசம். கேசரி வாசத்துக்கு என்ன காரணம் இருக்க முடியும்? கேசரி! அதையே கிண்டி வச்சிட்டா யாரு கேப்பா?"

யோசனை அருமையாக இருந்தது. ரவையும் சர்க்கரையும் நெய்யும் வீட்டில் இருந்தன. அன்னாசிக்கு வேல்முருகனை அனுப்பினார்கள். பக்கத்துக் கடையிலேயே கிடைக்கிற பழத்துக்கு மனிதர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

"எங்கய்யா போன?"

"புது பஸ் ஸ்டாண்டு பக்கந்தான் சார் நல்ல பழமா இருக்கு" என்று மூச்சு வாங்கினார். "இன்னும் குடிக்கலையா சார்?"

கேசரி கிண்டுவது எடைமேடையும் ஆய்வகமும் சேர்ந்து செய்கிற வேலையில்லை. ரவை ஒரு பக்கம் தீய்ந்தது. அதை மறைக்க நெய்யை ஊற்றினார்கள். நெய் கூடிப்போக, அதை இழுக்க ரவையைப் போட்டார்கள். ரவைக்குச் சர்க்கரை, சர்க்கரைக்குத் தண்ணீர் என்று போய், கடைசியில் ஒரு பந்திக்கே பரிமாறுகிற அளவுக்குக் கேசரி நின்றது. நெய்யும் அன்னாசியுமாக வாசம் தெருக்கோடி வரை போயிற்று.

பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை முந்தானையில் கை துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். தெருவில் எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்பே தெரிந்துவிடும் ஆள்.

"என்னண்ணே, பட்டப்பகல்ல இவ்ளோ கேசரி? நம்ம பிரவீணாவப் பொண்ணு பாக்க வராங்களா?"

கல்யாண வயதுப் பெண் இருக்கிற வீட்டில் அண்டா நிறையக் கேசரி கிண்டினால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அழகேசன் வாயைத் திறப்பதற்குள் உத்திராபதி முந்திக்கொண்டார்.

"ஆமாங்க. திடீர்னு ஏற்பாடாயிருச்சு."

"பையன் என்ன பண்றாரு?"

"பெங்களூர்ல, கம்பெனில..."

"பொண்ணு?"

"பொண்ணு வந்துக்கிட்டே இருக்கு."

பொய் என்று தெரியும். சொன்னவன் தன் நண்பன் என்பதும் தெரியும். இருந்தும் அந்த வார்த்தை காதில் விழுந்தபோது அழகேசனின் கரண்டி அண்டாவிலேயே நின்றுவிட்டது. பொண்ணு வந்துக்கிட்டே இருக்கு. யாராவது இதை இன்னொரு தடவை சொல்லமாட்டார்களா என்று இருந்தது. சின்னப்பிள்ளை போகும்வரை அடுப்பைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டார்.

"ஏன்யா அப்படிச் சொன்ன?"

"பீருன்னு சொல்லவா?"

ஒரு மணிக்கு வாசலில் யாரோ கோலம் போட்டார்கள். ஒன்றேகாலுக்கு எதிர்வீட்டிலிருந்து ஆறு நாற்காலி வந்தது. அதோடு ஒரு முழம் கனகாம்பரமும் நான்கு பெண்களும் வந்தார்கள். ஒருவர் கூடத்தைப் பெருக்கினார். ஒருவர் காலண்டரில் மஞ்சள் கறை ஏன் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் துடைத்தார். வேண்டாம் என்று சொல்ல அழகேசனுக்கு வாயிருந்தது, காரணம்தான் இல்லை.

ஒன்றரைக்குத் தா.பழூரிலிருந்து போன். வளர்மதியின் அண்ணன் கருப்பண்ணன்.

"மாப்ள, தாய்மாமனுக்குச் சொல்லாம பொண்ணு பாக்குற அளவுக்கு வந்துட்டீங்க. நல்லாருக்கு! நடவு ஆளுங்கள அப்படியே வயல்ல வுட்டுட்டுக் கெளம்பிட்டேன். திருமானூர் பஸ்ஸப் புடிச்சு நாலு மணிக்குள்ள வந்துருவேன். நான் வராம தட்டத் தொட்டீங்க, அப்பறம் இருக்கு."

"மச்சான், அப்படி ஒண்ணும்..."

அதற்குள் போனை வைத்துவிட்டார். உத்திராபதி மெல்ல மொபெட் சாவியைத் தேட ஆரம்பித்தார். அழகேசன் அதைப் பிடுங்கி பையில்லாத பனியனுக்குள் போட்டுக்கொண்டார்.

ஒன்றே முக்காலுக்கு வளர்மதியே வந்துவிட்டாள். அங்கன்வாடிச் சீலையோடு, ஆயாவிடம் குழந்தைகளை ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள். கூடத்தில் கூட்டம், அடுப்பில் அண்டா, கூரையில் மஞ்சள் பொட்டு. எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, புருஷனைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"யாரு மாப்ள?"

"மாப்ளயே இல்ல."

"அப்ப யாருக்குக் கேசரி?"

அழகேசன் ஷெல்ஃபின் மேல்தட்டிலிருந்து நசுங்கிய டின்னையும் மூடி வைத்திருந்த டம்ளரையும் அந்தக் காகிதத்தையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மலைக்குப் போன ஆத்தாவிலிருந்து கொப்பளிக்கிற சொம்பு வரை ஒன்றையும் விடவில்லை.

வளர்மதி கோபப்படுவாள் என்று உத்திராபதி கதவுக்கு வெளியே காதை வைத்துக் காத்திருந்தார். அவளோ அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு வாய்னுதான எழுதியிருக்கா" என்றாள். "இதுக்குத்தான் ஒன்ற வருஷமா எம் புள்ள கெடக்குதா? அந்தச் சத்தியத்த வாங்கினது நான். புள்ள நல்லாருக்கணும்னு வாங்கினேன். புள்ளைய வூட்டுக்கு வரவிடாம பண்றதுக்கா வாங்கினேன்?"

"அப்ப... துப்பிடவா?"

"துப்புனீங்கன்னா தெரியும் சேதி. முழுங்குங்க."

அழகேசன் டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மறைக்கிற தெம்பு தீர்ந்துவிட்டது. நாற்காலியில் இருந்தவர்கள், நின்றவர்கள், கதவுக்குப் பின்னாலிருந்து பிடிபட்ட உத்திராபதி, ஜன்னலில் முகம் பதித்திருந்த வேல்முருகன், எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.

"யாரும் பொண்ணு பாக்க வரல. என்னைய மன்னிச்சிருங்க. எம்பொண்ணு பழச்சாறு கம்பெனியில வேல பாக்கல. பீரு செய்யிறா. இது அவ செஞ்சது. டின்னுல எம்பேரும் போட்டிருக்கா. நான் இப்ப குடிக்கப் போறேன்."

சின்னப்பிள்ளை வாயில் கை வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நேரில் வந்து சொல்லிக்கொள்கிறேன் தாயே என்று மனசுக்குள் மலைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அழகேசன் குடித்தார்.

முதலில் அன்னாசி வந்தது. முதல் பந்தியில் இலையில் விழுகிற கேசரியின் அதே மணம். பின்னாலேயே ஏலக்காய். அடுத்து இனிப்புதான் என்று நாக்கு ஏமாந்து நின்ற நேரத்தில் சுளீரென்று புளிப்பு அடித்தது. கண் தானாக மூடிக்கொண்டது. அந்தப் புளிப்பு மெதுவாக இறங்க, அடியில் முந்திரியும் கண்டும் காணாமல் உப்பும் இருந்தன. அவர் அந்தக் காலத்தில் குடித்ததெல்லாம் தன்னை மறப்பதற்காகக் குடித்தது. இதில் மறக்க ஒன்றுமில்லை. எவ்வளவு நாள், எத்தனை முறை செய்து பார்த்து, எத்தனை முறை கீழே ஊற்றிவிட்டு இந்தப் பக்குவத்துக்கு வந்திருப்பாள் என்றுதான் தோன்றியது. குடித்துவிட்டுத் திட்டுங்கள் என்று சொல்லியிருந்தாள். குடித்தாயிற்று. திட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அழுகைதான் வந்தது.

"எப்படிண்ணே இருக்கு?" என்றார் சின்னப்பிள்ளை. ஊருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதானே.

"நல்லாருக்கு." வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முந்திரி கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம். மத்தபடி எம் மவ கெட்டிக்காரி."

ஒன்றரை வருஷமாகக் கூப்பிடாத எண்ணை மனப்பாடமாகவே அழுத்தினார். முந்திரி விஷயத்தை முதலில் சொல்வதா, வா என்று முதலில் சொல்வதா என்று அவருக்குள் ஒரே குழப்பம். போனைக் காதில் வைத்தார். மறுமுனையில் இயந்திரப் பெண் குரல் பேசியது. ஸ்விட்ச் ஆஃப்.

மறுபடி அழுத்தினார். அதே குரல். மூன்றாவது தடவையும் அதே.

"எடுக்கலையா?" என்றாள் வளர்மதி.

"அணைச்சு வச்சிருக்கா." அழகேசன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் லேட்டு பண்ணிட்டேன் வளரு. காலைலேயே குடிச்சிருந்தா எடுத்திருப்பாளோ என்னமோ. இனிமே என்னைக்கு எடுப்பாளோ. பெங்களூர் என்ன, பக்கத்துத் தெருவா, போயிப் பாத்துட்டு வரதுக்கு?"

வந்த பெண்கள் கனகாம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். உத்திராபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜன்னலுக்கு வெளியே வேல்முருகன் ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பாப்பா போனு சார்ஜ் எறங்கிப் போச்சு சார், அப்பா குடிச்சா வூட்டுக்கு வரேன், கொட்டிட்டா அடுத்த பஸ்ஸுல திரும்பிப் போயிடுறேன்னு, என்னைய இங்க வேவு பாக்க வுட்டுட்டு, காலைலேருந்து புது பஸ் ஸ்டாண்டுலதான் பையோட உக்காந்திருக்கு, போயி அழைச்சிட்டு வந்துரட்டுமா?"